‘செட்’ என்னும் சொல்லின் சொரூப நிர்ணயம்

1989-ஆம் ஆண்டு வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு, ‘செட்’ என்னும் வினைச்சொல் ஒன்றுக்கே 430 பொருள்களை வகுத்து, அச்சொல்லை விவரிக்க ஏறக்குறைய 60,000 சொற்களைச் செலவிட்டிருக்கிறது. அம்மகாகிரந்தத்தின் ஆசிரியர்கள் நம் ஊர் ஓட்டலில் ஒரு வேளை சிற்றுண்டி அருந்தியிருப்பார்களேயானால் இத்தொகை இன்னும் பெருகியிருக்கும் என்பது அடியேனுடைய துணிபு.

ஓரினத்தைச் சேர்ந்த பல வஸ்துக்களின் தொகுதியே செட் என்பது பூர்வபட்சம். பல் செட், நகை செட், மோட்டாரும் பம்பும் இணைந்த பம்ப் செட் ஆகியவை இதற்குச் சான்று பகரும். கல்யாண வீட்டில் “மைக் செட் வந்தாச்சா?” என்று விசாரிக்கும்போது ஆம்பிளிஃபையரும் குழாய் ஸ்பீக்கரும் மட்டுமின்றி, அவற்றோடு வந்து முதல் பந்தியில் உட்காரும் ஆசாமியும் அத்தொகுதியில் அடக்கம் என்பதை நுண்ணறிவுடையோர் உணர்வர். ஆனால் செட் தோசையில் இந்த லட்சணம் சங்கடப்படுகிறது. பெங்களூர்ப் பக்கம் சாகுவோடு மூன்றாக வரும் அது, நம்மவர் வடகறியோடு பரிமாறும் இடங்களில் இரண்டாகச் சுருங்குவதும் உண்டு. எண்ணிக்கை எதுவாயினும், “ஒன்று போதும்” என்று மன்றாடுகிறவரிடம் பரிமாறுகிறவர், “செட்டாத்தான் சார் வரும்” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவதால், பிரிக்கவொண்ணாமையே செட்டின் உயிர்நிலை என்று கொள்ள வேண்டியிருக்கிறது.

அலாரம் செட் பண்ணுவது, ஆளைச் செட் பண்ணுவது போன்ற பிறவினைப் பிரயோகங்களை, பின்னது போலீஸ் இலாகாவின் ஆராய்ச்சிக்கு உரியதாகையால், இங்கே விடுத்து, ‘செட் ஆதல்’ என்னும் தன்வினைக்கு வருவோம். தளம் போட்ட கொத்தனார், “செட்டாகட்டும், கால் வைக்காதீங்க” என்கிறார். சாதாரண போர்ட்லண்ட் சிமெண்ட் 30 நிமிஷத்துக்குள் இறுகத் தொடங்கலாகாது, 600 நிமிஷத்துக்குள் இறுகி முடிய வேண்டும் என்பது இந்தியத் தரநிர்ணயம்.

இவ்வினையின் பூரண சௌந்தரியம் விளங்குவது கல்யாணத் தரகரின் வாக்கில்தான். ஜாதகம் பொருந்தி, பஜ்ஜி சொஜ்ஜி தின்று, பெண்ணைப் பாட்டுப் பாடச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போனவர்கள் பதினைந்து நாள் மௌனமாயிருந்து, பிறகு “செட் ஆகலைங்க” என்று சொல்லியனுப்பினால், மறுத்தவர் யார், பையனா, அத்தையா, சீர்வரிசைப் பட்டியலா என்று இலக்கணப்படி வினவ இயலாது; அவ்வாக்கியத்தில் எழுவாயே கிடையாது. பெண்ணைப் பெற்றவரும் அடுத்த வீட்டாரிடம் அதே சொற்களையே சொல்லிக்கொள்ளலாம். எவர் கௌரவத்துக்கும் பங்கமில்லை. தரகர் மட்டும் இரு தரப்பிலும் வழிச்செலவை வாங்கிக்கொண்டு, அடுத்த ஜாதகத்தைப் பையிலிருந்து எடுக்கிறார்.