முழங்காலுக்கு எத்தனை மார்க்?

கேள்வி: என் முழங்கால் வலிக்கு மார்க் போடலாம் என்கிறாரே மாப்பிள்ளை, நிஜமா? (ஒரு வாசகி, தாம்பரம் சானடோரியம்)

பதில்: நிஜம்தான். ஆனால் போடுவது நீங்களோ டாக்டரோ அல்ல, பொதுஜனம்! "இந்த வலியோடு 10 வருஷம் வாழ்வீர்களா, வலியே இல்லாமல் 8 வருஷமா?" என்று அவர்களில் ஒருவரிடம் ஆய்வாளர்கள் கேட்பார்கள். "இரண்டும் ஒன்றுதான்" என்று அவர் தலையாட்டும்வரை பேரம் ஓடும். உங்கள் தாம்பரம் சண்முகம் சாலைக் காய்கறிப் பேரமெல்லாம் தோற்றது! ஆட்டிவிட்டால் உங்கள் முழங்காலுக்கு 0.8.

இப்படி 5 மாநிலங்களில் 3,548 பேரிடம் கேட்டு, 2022இல் இந்தியாவுக்கென்றே ஒரு மார்க் அட்டவணை வெளியிட்டார்கள். நடமாட்டம், சுயபராமரிப்பு, அன்றாட வேலை, வலி, மனக்கவலை என்று ஐந்து பாடம். பாடத்துக்கு ஐந்து படி. ஆகமொத்தம் 3,125 விதமாக நாம் சௌக்கியமாகவோ அசௌக்கியமாகவோ இருக்கலாம். முழு ஆரோக்கியம் 1, மரணம் 0. ஐந்திலும் கடைசிப் படி என்றால் மைனஸ் 0.923. செத்தவரே பாஸ்!

எந்தச் சிகிச்சைக்கு அரசு பணம் போடலாம் என்று கணக்குப் பார்க்கத்தான் இதெல்லாம். வலி உங்களுக்கு, மார்க் போடுவது ஊராரா என்று கோபிக்காதீர்கள். வரிப்பணம் அவர்களுடையதாயிற்றே! சம்பந்தி வீட்டாரைக் கேட்காதவரை லாபம்.