ஐயாவின் பெயர் என்ன?

போலீஸ்காரர் தோளில் மூன்று நட்சத்திரத்துக்குக் கீழே சிவப்பு நீல நாடா இருந்தால் இன்ஸ்பெக்டர். அதே மூன்று நட்சத்திரம், நாடா இல்லையென்றால் டி.எஸ்.பி. விரல் அகல நாடா அது. அதைக் கழற்றப் பாதி சர்வீஸ் தேய வேண்டும். நாடு குடியரசானதும் தோளிலிருந்த பிரிட்டிஷ் மகுடத்தை எடுத்துவிட்டு அசோகச் சிங்கத்தை ஏற்றினோம். சிங்கத்தோடு ஒரு நட்சத்திரம் எஸ்.பி., மூன்று என்றால் டி.ஐ.ஜி. ஐ.ஜி. ஆகிவிட்டால் குறுக்காக வாளும் தடியும். வாளை உருவ வேண்டிய அவசியம் எந்த ஐ.ஜி.க்கும் வந்ததில்லை. தடிக்குத்தான் கீழே ஆட்கள் இருக்கிறார்களே!

இத்தனை அலங்காரமும் யார் யாருக்கு சல்யூட் அடிப்பது என்று தெரிந்துகொள்ளத்தான். புகார் மனுவோடு ஸ்டேஷன் வாசலில் காத்துக்கிடக்கும் கிழவிக்கு ஏட்டும் ஐயா, எஸ்.ஐ.யும் ஐயா. அவளுக்கு உதவக்கூடியது சட்டைப்பைக்கு மேலே குத்தும் பெயர்ப்பட்டை ஒன்றுதான். கைது செய்பவர் பெயரும் பதவியும் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-லேயே சொல்லிவிட்டது. பெயர் தெரிய வேண்டும் என்று இப்போது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 36-ஆம் பிரிவும் சொல்கிறது. ஆனால் தடியடி நாளில் பார்த்து அந்தப் பட்டையின் ஊசி மட்டும் கழன்றுவிடுகிறது. தோள் நட்சத்திரம் கழன்று விழுந்ததாக இதுவரை கேள்வியில்லை.

1840-களில் பெஷாவர் பக்கம் ஹாரி லம்ஸ்டன் என்ற வெள்ளைக்காரர் தன் படைக்குக் காக்கி உடுத்தியது, புழுதியில் ஆள் தெரியாமல் இருக்க. பழைய வெள்ளைக்காரன் உத்தரவுகளில் இது ஒன்றை மட்டும் நம் போலீஸ் பழுதில்லாமல் நிறைவேற்றி வருகிறது.

காக்கியும் தொந்தரவு என்றால் இருக்கவே இருக்கிறது மஃப்டி. 2025 ஜூனில் திருப்புவனம் அருகே மடப்புரத்தில் போலீஸ் தனிப்படையிடம் அடிபட்டுச் செத்தார் ஒரு கோயில் காவலாளி. வீடியோவில் தடியோடு தெரிந்தவர்கள் மேல் நட்சத்திரமும் இல்லை, நாடாவும் இல்லை, பெயரும் இல்லை. சாதாரண சட்டை பேண்ட். வீடியோ மட்டும் இல்லாமல் போயிருந்தால்?

உள்துறைக்கு ஒரு விண்ணப்பம். சிங்கம், வாள், தடி எல்லாம் இருந்தபடியே இருக்கட்டும். பெயரை மட்டும் ஊசியில் குத்தாமல் சட்டையோடு சேர்த்துத் தைத்துக் கொடுங்கள். நூல் செலவு கட்டுப்படியாகாது என்றால் சொல்லுங்கள், ஊரில் வசூல் பண்ணித் தருகிறோம்.