நாளை மாலை ஆறு மணிக்கு

2021 பிப்ரவரி. சேப்பாக்கத்தில் இந்தியா–இங்கிலாந்து டெஸ்ட். எல்லைக்கோட்டருகே நின்ற மொயீன் அலியைப் பார்த்து காலரியிலிருந்து ஒரு குரல்: 'வலிமை' அப்டேட் என்ன? மனிதர் குழம்பிப்போய், வலிமை என்றால் என்ன என்று அஸ்வினிடம் விசாரித்தார். அஜித் நடித்து, அப்போது வராமலிருந்த படம் அது. அந்த நாட்களில் பிரசாரத்துக்குக் கிளம்பிய முதலமைச்சரையும் இதே கேள்வி துரத்தியது. கேள்வி காதில் விழாததுபோலப் போவது அந்தப் பதவிக்கான முதல் தகுதி. பிரச்சினை ஒன்றுமில்லை.

கோவை தெற்கில் நின்ற வானதி சீனிவாசன் விவரமானவர். ட்விட்டரில் ஒரு தம்பி கேட்டதற்கு, ஜெயித்தால் அப்டேட் நிச்சயம் என்று வாக்குக் கொடுத்தார். ஜெயித்தார். அவரிடம் தோற்றவர் கமல்ஹாசன் என்பது கூடுதல் வேடிக்கை. மே மாதம் தேர்தல் முடிவு வந்தது. ஜூலையில் படத்தின் மோஷன் போஸ்டர் வந்தது. தமிழகத் தேர்தல் வரலாற்றில் இத்தனை வேகமாக நிறைவேறிய வாக்குறுதி வேறு இருந்தால் சொல்லுங்கள்.

ரசிகனைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். படித்தவர்கள் அதைத்தான் செய்தார்கள். அவனுக்கு இந்தப் பழக்கத்தை ஊட்டியவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஒரு படம் என்பது இப்போது படம் அல்ல. முதலில், நாளை மாலை ஆறு மணிக்கு ஓர் அறிவிப்பு வரும் என்று அறிவிப்பு. மறுநாள் ஆறு மணிக்கு வருவது தலைப்பு எப்போது வரும் என்ற தேதி. அப்புறம் தலைப்பு. ஃபர்ஸ்ட் லுக். செகண்ட் லுக். கிளிம்ப்ஸ். டீசர். பாட்டுக்கு ஒரு புரோமோ, பிறகு பாட்டு. டிரெய்லர் வரும் தேதிக்குத் தனி போஸ்டர். சென்சாரில் என்ன சான்றிதழ், படம் எத்தனை நிமிடம் என்பதற்கெல்லாம் தனித்தனி போஸ்டர். இவை ஒவ்வொன்றுக்கும் யூடியூபில் பத்து பேர் உட்கார்ந்து 'டீகோட்' செய்கிறார்கள். ஹீரோவின் சட்டைப் பித்தானில் கதை ஒளிந்திருக்கிறதாம். இத்தனைக்கும் பிறகு, ஒரு நல்ல நாளில், படமும் வரும். வராமலும் போகும். 'துருவ நட்சத்திர'த்தின் டீசர் வந்தது 2017-ல். 2023 நவம்பர் 24-க்கு நாள் குறித்தார்கள். கடைசி நேரத்தில் தள்ளிப்போட்டார்கள். டீசர் வந்தபோது பள்ளிக்கூடம் போன பையன் அதற்குள் வேலை தேடிக்கொண்டிருந்தான்.

'கங்குவா' இன்னும் ஒரு படி மேலே போனது. ரூ. 2,000 கோடி வசூலிக்கும் என்று தயாரிப்பாளர் முன்கூட்டியே கணக்குச் சொன்னார். 2024 நவம்பரில் படம் வந்தது. கணக்கு என்ன ஆயிற்று என்பது ஊருக்கே தெரியும். படம் எடுப்பதற்கு முன்பே வசூலை எடுத்துவிடுகிற கலை இங்கே மட்டும்தான் உண்டு.

சரி, வருஷக்கணக்கில் காத்திருந்த அந்த வேடம்தான் என்ன? இதுவரை காணாத வேடம் என்பார்கள். மாறுபட்ட பரிமாணம் என்பார்கள். உள்ளே போய் உட்கார்ந்தால், அமைதியாக வாழும் ஒரு நல்ல மனிதர். குடும்பத்துக்கு ஆபத்து வரும். அப்போதுதான் தெரியும், அவர் பழைய ஆள். 1995-ல் 'பாட்ஷா'வில் ஆட்டோ ஓட்டினார். 2023-ல் 'ஜெயில'ரில் ஓய்வுபெற்ற அதிகாரியாகப் பேரனோடு விளையாடினார். அதே ஆண்டு 'லியோ'வில் இமாச்சலத்தில் காபிக் கடை வைத்திருந்தார். நடிகர் மாறலாம், கடை மாறலாம். ஃபிளாஷ்பேக் மாறாது. இந்த ரகசியத்தைக் காக்கத்தான் ஒரு வருஷம் வாயைத் திறக்காமல் இருந்தார்கள்.

நடிகர்களின் அறிக்கைகள் தனி இலக்கியம். அஜித்தைக் குறை சொல்ல முடியாது; 2011-லேயே ரசிகர் மன்றங்களைக் கலைத்தார். அப்டேட் கேட்டுப் பொது இடங்களில் ரகளை வேண்டாம் என்று 2021-ல் எழுதினார். 'தல' என்று கூப்பிட வேண்டாம் என்றார். 'கடவுளே' என்று கோஷம் போடாதீர்கள், உங்கள் குடும்பத்தைப் பாருங்கள் என்று 2024 டிசம்பரில் சொன்னார். எல்லாம் உண்மையான அக்கறை என்றே வைத்துக்கொள்வோம். குடும்பத்தைப் பார்க்கச் சொல்லப்பட்ட அதே பையனுக்கு நடுராத்திரி ஒரு மணிக்கு 'துணிவு' காட்சி போட்டது யார்? நாலு மணிக்கு 'வாரிசு' போட்டது யார்? அரசு விதித்த கட்டணத்தைப்போல் பல மடங்கு வாங்கிக்கொண்டு டிக்கெட்டை நீட்டிய கை யாருடையது? அறிவுரை ஒரு கையில், கல்லாப்பெட்டி இன்னொரு கையில்.

அந்த 2023 ஜனவரி 11 விடியற்காலை, கோயம்பேடு ரோகிணி தியேட்டர் வாசலில், நகர்ந்துகொண்டிருந்த லாரி மீது ஏறி ஆடிய பத்தொன்பது வயதுப் பையன் விழுந்து செத்தான். உடனே எல்லோருக்கும் வருத்தம் வந்தது. அதிகாலைக் காட்சிகளுக்கு அனுமதி நின்றது. அதே ஆண்டு அக்டோபரில் அதே தியேட்டரில் 'லியோ' டிரெய்லரைத் திரையில் போட்டார்கள். படம் அல்ல, டிரெய்லர். ரசிகர்கள் இருக்கைகளை நார்நாராகக் கிழித்துப் போட்டார்கள். 2025 ஏப்ரலில் திருநெல்வேலியில் 200 அடிக்கும் உயரமாக நிமிர்ந்த அஜித் கட்-அவுட் சரிந்தது. கீழே நின்றவர்கள் ஓடிப் பிழைத்தார்கள். ஆட்கள் இருக்கும் இடத்தில் அத்தனை உயரத்துக்குச் சாரம் கட்ட விட்டது யார் என்ற அப்டேட் மட்டும் எந்த ஆறு மணிக்கும் வரவில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும், ரசிகனுக்கு ஒரு சலாம் போட வேண்டியிருக்கிறது. விடாமல் கேட்கத் தெரிந்த ஒரே குடிமகன் அவன்தான். தயாரிப்பாளர் தூங்கினால் எழுப்புகிறான். தேதி மாறினால் திட்டுகிறான். அவன் திட்டுக்குப் பயந்து ஆட்கள் பதில் சொல்கிறார்கள்.

அப்படிக் கேட்க ஆளில்லாத இடத்துக்கு மதுரை எய்ம்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அறிவிப்பு 2015 மத்திய பட்ஜெட்டில். தோப்பூரில் பிரதமர் அடிக்கல் நாட்டியது 2019 ஜனவரி 27. 2021 தேர்தலில் உதயநிதி, இதுதான் எய்ம்ஸ் என்று ஒற்றைச் செங்கலைத் தூக்கிக் காட்டினார். அதுதான் ஃபர்ஸ்ட் லுக். 2022 பிப்ரவரியில் 'வலிமை' திரைக்கு வந்தபோது தோப்பூரில் சுற்றுச்சுவர் இருந்தது. உள்ளே சுற்றுவதற்குத்தான் ஒன்றும் இல்லை. அந்த ஆண்டு சேர்ந்த மாணவர்களை ராமநாதபுரத்துக்கு அனுப்பினார்கள். மதுரை எய்ம்ஸில் இடம் கிடைத்தவன் மதுரையைப் பார்க்காமல் டாக்டருக்குப் படித்தான். கட்டுமானம் தொடங்கியது 2024 மார்ச்சில். செங்கலைக் காட்டியவர் வென்றார், அடிக்கல் நாட்டியவரும் வென்றார். காலரியிலிருந்து ஒருவரும் கத்தவில்லை.

மதுரவாயல்–துறைமுகம் பறக்கும் சாலை இதைவிடப் பெரிய பட்ஜெட். மன்மோகன் சிங் பூஜை போட்டது 2009-ல்; மதிப்பீடு ரூ. 1,815 கோடி. கூவத்தில் தூண்கள் முளைத்தன. 2012-ல் மாநில அரசு வேலையை நிறுத்தியது. தூண்கள் ஆற்றுக்குள் நின்றபடியே பத்து வருஷம் ஊரைப் பார்த்தன. 2022 மே மாதம் மோடி வந்து மறுபடி பூஜை போட்டார். இப்போது ஈரடுக்கு, ரூ. 5,850 கோடிக்கு மேல். அதே தளம், புது இயக்குநர், மூன்று மடங்கு செலவு. இரண்டு பூஜைக்கும் கைதட்டல்.

சினிமாவில் இப்படி நடந்தால் விட்டுவிடுவார்களா? 'லிங்கா' 2014 டிசம்பரில் வந்தது. ரஜினி அணை கட்டும் கதை. அணை மூன்று மணி நேரத்துக்குள் கட்டி முடிக்கப்பட்டது. அந்த வகையில் அரசை மிஞ்சிய படம். ஓடவில்லை. நட்டப்பட்ட விநியோகஸ்தர்கள் அடுத்த மாதமே வள்ளுவர் கோட்டத்தில் பந்தல் போட்டு, பணத்தைத் திருப்பிக் கொடு என்று உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். ஒரு பகுதி திரும்பியும் வந்தது.

மதுரவாயல் படத்துக்கு விநியோகஸ்தர்கள் நாம்தான். முன்பணம் முழுக்க வரியாகக் கட்டியாயிற்று. வள்ளுவர் கோட்டத்துக்கு ஒரு நாள் அனுமதி கேட்டு விண்ணப்பம் போட்டுப் பாருங்கள். பதில் நாளை மாலைக்குள் வந்துவிடும்.