பயாஸுக்கு ஒரு காவல்காரன்

(அரியலூரில் பழைய மைக்செட் கடை. வெளியே சுண்ணாம்புக்கல் லாரிகளின் புழுதி. பெரம்பலூருக்கு லீவில் வந்த பெங்களூர் மருமகன், வால்வு ஆம்ப்ளிபயரோடு நுழைகிறான்.)

மருமகன்: மெதுவா, மாமா! நாலு இ.எல். 34. சிலிக்கான் வாடையே படாத சத்தம்.

மாமா: அடியில பூரான் மாதிரி காலோட ஒட்டிக்கிட்டிருக்கே, அது?

மருமகன்: மைக்ரோகண்ட்ரோலர். ஆட்டோ பயாஸ்.

மாமா: அது எந்தச் சாதி? சிலிக்கான்தானே?

மருமகன்: சத்தம் அது வழியாப் போகாது. காவல் மட்டும். ஒவ்வொரு கேத்தோடுலயும் 10 ஓம். 40 மில்லி ஆம்பியர் ஓடினா 0.4 வோல்ட் காட்டும். ஏறினா கிரிட்டுக்கு மைனஸைக் கூட்டும், இறங்கினா குறைக்கும்.

மாமா: அந்தக் காலத்துல பெங்களூர் பி.இ.எல்.லருந்து வால்வு வந்துது. இப்ப வால்வுக்குக் காவல் வருது! நாங்க அதே இடத்துல சில நூறு ஓம் போடுவோம், மாப்ள. கரண்ட் ஏறினா கேத்தோடு வோல்ட் ஏறும். கிரிட் தன்னால மைனஸாகி அமுக்கிடும். நடுராத்திரி பம்புசெட் நின்னு லைன் எகிறினாலும் பிளேட் லேசுல சிவக்காது.

மருமகன்: 30 வோல்ட்டுக்கு மேல சூடாவே போயிடுதே!

மாமா: போகட்டும், சம்பளமா கேக்குது? கோளாறு என்ன, அதைச் சொல்லு.

மருமகன்: சும்மா இருந்தா 40 நிக்குது. தவில் போட்டா கொஞ்ச நேரத்துல கரகரங்குது.

மாமா: ஏ.பி. கிளாஸ். சத்தம் கூடினா கரண்ட் கூடத்தான் செய்யும். உன் காவல்காரன் தவிலடியைத் திருட்டுன்னு நெனச்சு மைனஸை ஏத்துறான். தவில் நின்னதும் வால்வு பட்டினி. அப்புறம் பதறி இறக்குறான். (குரல் தாழ்த்தி) என் ரெசிஸ்டன்ஸும் கொஞ்சம் அப்படித்தான், வெளியில சொல்லாத.

மருமகன்: ஏத்தி, இறக்கி, ஏத்தி...

மாமா: நம்ம மாவட்டம் மாதிரி. 2001ல பெரம்பலூர்லருந்து பிரிச்சாங்க, 2002ல சேத்தாங்க, 2007ல மறுபடி பிரிச்சாங்க. கடை போர்டு எழுதுறவன்தான் பொழைச்சான்.

மருமகன்: வழி?

மாமா: பாட்டு ஓயுறப்ப மட்டும் அளக்கச் சொல்லு.

மருமகன்: ஓயாமலே பாடினா?

மாமா: 400 வோல்ட்ல 40 மில்லின்னா 16 வாட். பிளேட் தாங்குறது 25. அதுவரைக்கும் உன் சிப்பு தூங்கினாலும் குடி முழுகாது.