சிறுத்தைக்குக் காய்ச்சல்

1963இல் ஃபோர்டு கம்பெனி, ஃபெராரி கம்பெனியை விலைக்கு வாங்க, அந்த வீட்டில் பெண் கேட்டது. பேச்சு நிச்சயதார்த்தம் வரை வந்தது. "ரேஸ் விஷயத்தில் யார் சொல் எடுபடும்?" என்று என்ஸோ ஃபெராரி முறுக்கிக்கொள்ள, தாம்பூலத் தட்டு திரும்பிவிட்டது. அவமானப்பட்ட இரண்டாம் ஹென்றி ஃபோர்டு, 1966 லெ மான் பந்தயத்தில் ஃபெராரியை மண்ணைக் கவ்வ வைத்தார். ஆனாலும் இத்தாலியச் சம்பந்த ஆசை விட்டபாடில்லை. என்ஸோ பிறந்த அதே மோதேனா ஊரில் அலெஹாந்த்ரோ தெ தொமாசோ கிடைத்தார். அர்ஜென்டினாக்காரர். வசதியான அமெரிக்க மனைவி, குட்டித் தொழிற்சாலை, ஊர்ப்பட்ட சவடால். வேறென்ன வேண்டும்?

1970இல் அந்தச் சம்பந்தத்தில் பிறந்த பந்தேரா கார் அரங்கேறியது. டாம் ஜார்டா வரைந்த உடம்பு, பாயப் பதுங்கிய சிறுத்தை மாதிரி. இருக்கைக்குப் பின்னால் ஃபோர்டின் 351 கிளீவ்லண்ட் என்ஜின்: எட்டு சிலிண்டர், 5.8 லிட்டர். அமெரிக்கக் கார்களின் மூக்கில் சொகுசாகக் குடியிருந்த பிராணி அது. அங்கே எதிரிலேயே ரேடியேட்டர், அதை ஊதிக்கொண்டே இருக்க ஒரு பெல்ட் ஃபேன். நடுவில் குடிபெயர்த்தார்கள், ரேடியேட்டர் மட்டும் முன்னாலேயே நின்றுவிட்டது. கொதித்த தண்ணீர் காருக்கு அடியில் குழாய் வழியாக மூக்குவரை போய், ஆறி, வந்த தூரம் திரும்ப வேண்டும். பெல்ட் அவ்வளவு தூரம் எட்டாது என்பதால் மின்விசிறிகளை வைத்துச் சமாளித்தார்கள்.

நெடுஞ்சாலையில் பறக்கும்போது எதிர்க்காற்றே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். கார் விற்றதோ லாஸ் ஏஞ்சலஸ் சிக்னல்களில் நிற்பவர்களுக்கு! 1971 முதல் லிங்கன்-மெர்க்குரி ஷோரூம்களில், ஏறக்குறைய 10,000 டாலருக்கு. கட்டில் அகலக் கார்களைப் பெரியவர்களுக்கு விற்றுப் பழகிய சேல்ஸ்மேன், "சார், முள் சிவப்புக்குப் போகுது" என்ற போனுக்கு என்ன பதில் சொல்வார்?

எல்விஸ் பிரெஸ்லியிடமும் மஞ்சள் பந்தேரா ஒன்று இருந்தது. ஒருநாள் ஸ்டார்ட் ஆக மறுத்தது. மனிதர் துப்பாக்கியை எடுத்துக் காரையே சுட்டுவிட்டார். என்ஜினுக்கு முன்னால் ஓனர் சூடான கேஸ் அது.

1970களின் நடுவில் ஃபோர்டு சம்பந்தத்தை முறித்து, அமெரிக்க இறக்குமதியை நிறுத்தியது. தெ தொமாசோ அசரவில்லை. 1990களின் தொடக்கம் வரை பந்தேராவைக் கட்டிக்கொண்டே இருந்தார்.

பந்தேராவின் காய்ச்சலுக்கு எல்லோரும் ரேடியேட்டரைத் திட்டிக்கொண்டிருக்க, பல கார்களில் வில்லன் உள்ளங்கையில் அடங்குகிற தெர்மோஸ்டாட். கிளீவ்லண்ட் பிளாக்கில் தெர்மோஸ்டாட்டுக்கு அடியில், நடுவே துளையிட்ட பித்தளைத் தகடு ஒன்று பதிந்திருக்கும். என்ஜின் குளிர்ந்திருக்கையில் தண்ணீர் அந்தத் துளை வழியே ரேடியேட்டரைப் பார்க்காமலே பம்புக்குத் திரும்பும். சூடேறித் தெர்மோஸ்டாட் திறக்கும்போது, அதன் அடியிலுள்ள தொப்பி இறங்கித் துளையை அடைத்துவிடும். பிறகு தண்ணீர் மூக்குவரை நடந்தே ஆக வேண்டும்.

வேறு ஃபோர்டு என்ஜின்களின் தெர்மோஸ்டாட்டும் அங்கே கச்சிதமாக உட்காரும். தொப்பிதான் இருக்காது. உட்கார்ந்தால் போதாதா என்று மாட்டினார்கள். கொதிக்கிற தண்ணீரில் ஒரு பங்கு குறுக்கு வழியில் சுற்றிச் சுற்றி வந்தது. வண்டி பாயில் ஆனால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசுவது உலகத்து மெக்கானிக்குகளின் பொது வைத்தியம். இங்கே அதுதான் விஷம்: அடைக்க ஆளில்லாமல் துளை நிரந்தரமாகத் திறந்தே கிடக்கும். இன்னும் கெட்டிக்காரர்கள் தகட்டையும் பிடுங்கி எறிந்தார்கள். ஓனரோ பெரிய அலுமினிய ரேடியேட்டர் போட்டார், முரட்டு ஃபேன் போட்டார். பில்லும் ஏறியது, முள்ளும் ஏறியது.

சரியான தெர்மோஸ்டாட் மாட்டினாலும் ஏர் லாக் என்று ஒன்று இருக்கிறது. இத்தனை நீளக் குழாயில் கூலண்ட் ஊற்றினால், காற்று ரேடியேட்டரின் உச்சியில் ஏறிச் சம்மணம் போட்டுவிடும். உச்சியில் வழி திறந்து அதை வெளியே விரட்டி, என்ஜினை ஓடவிட்டு, மட்டம் இறங்க இறங்க ஊற்ற வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் டேங்க் வாய்வரை நின்றதைப் பார்த்ததும் மூடியைத் திருகிவிட்டுக் கிளம்பினார்கள். முதல் சிக்னலிலேயே முள் சிவப்பைத் தொட்டது. பழக்கதோஷத்தில் ஓடிப்போய் முன்பக்கப் போனட்டைத் திறந்தார்கள். உள்ளே ஸ்டெப்னி இருந்தது.