முதுகின் பயன்: பெண்கள் சைக்கிள் ரேஸை முன்வைத்து ஓர் ஆய்வு

முதுகைப் பற்றி இதுவரை நடந்த ஆராய்ச்சிகளில் பெரும்பாலானவை எலும்பு மருத்துவர்கள் செய்தவை. அவர்கள் அதை வலிக்கும் உறுப்பாக மட்டுமே கண்டார்கள். பிறர் ஒதுங்கிக்கொள்ளும் இடமாகவும் அது விளங்குவது அவர்கள் கண்ணில் படவில்லை. அந்தக் குறையைப் போக்க முன்வந்துள்ள இக்கட்டுரை, அமெரிக்காவில் வார இறுதிக் காலைகளில் நடக்கும் அமெச்சூர் பெண்கள் சாலை சைக்கிள் ரேஸைத் தன் களமாகக் கொள்கிறது. அங்கே புதிதாக வருபவர் ஐந்தாம் பிரிவில் சேர்ந்து, தேறத் தேற ஒன்றை நோக்கி ஏறுவார். நமக்கு வேண்டியவை ஐந்தும் நான்கும்தான். முதல் பிரிவினருக்குத் தொழில் தெரியும். ஆகவே ஆராய்ச்சிக்கு உதவமாட்டார்கள்.

முதலில் காற்று. சமதரையில் மணிக்கு 40 கிலோமீட்டரை நெருங்கும்போது, மிதிப்பவள் செலவிடும் சக்தியில் பெரும்பகுதி காற்றைத் தள்ளவே போய்விடுகிறது. காற்றுக்கான இந்தச் செலவு வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். 30 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவள் 40க்கு ஆசைப்பட்டால், காற்றுக்குக் கட்டும் கப்பம் இரண்டு மடங்கையும் தாண்டும். ஆனால் முன்னால் ஒரு முதுகு கிடைத்து, அதை ஒட்டியே போகத் துணிந்தால், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சம். நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பெர்ட் பிளாக்கன் குழுவினர் 2018-இல் 121 பேர் கொண்ட கூட்டத்தை ஆராய்ந்தார்கள். நடுவிலும் பின்பகுதியிலும் பதுங்கியிருப்பவர்மேல் மோதும் காற்றுத்தடை, தனியே ஓட்டுபவர் சந்திப்பதில் ஐந்து முதல் பத்து சதவீதம்தான் என்று கண்டார்கள். பின்னால் ஒட்டி வருபவளால் முன்னவளுக்கும் இரண்டொரு சதவீதம் லாபம் உண்டாம். ஒட்டிக்கொள்பவர்களின் மனச்சாட்சிக்கு அறிவியல் அளித்த சிறு உதவி என்று இதைக் கொள்ளலாம்.

நான்காம் பிரிவில் 121 பேர் வருவதில்லை. ஆள் போதாமல் இரண்டு மூன்று பிரிவுகளை ஒன்றாக விட்டு, முடிவை மட்டும் தனித்தனியே எழுதுவது வழக்கம். ஆக, அடிப்படைச் சிக்கல் முதுகுத் தட்டுப்பாடு. இருக்கிற முதுகுகளிலும் தரவேறுபாடு உண்டு. ஒல்லியாய்க் குள்ளமாய் இருப்பவளின் பின்னால் போவதும் போகாததும் ஏறத்தாழ ஒன்றே. உயரமும் தோள் அகலமும் உள்ளவளைச் சுற்றி எப்போதும் கூட்டம். ஒரு பெண்ணிடம் "உன் முதுகு நல்ல அகலம்" என்று சொல்லிவிட்டு உயிரோடு திரும்பக்கூடிய இடம், நாமறிந்தவரை இது ஒன்றுதான்.

இனி, அணி என்ற ஏற்பாடு எப்படித் தோன்றியது? ஊக்கில் தோன்றியது என்பது என் துணிபு. பந்தய எண்ணை முதுகுப்புறத்தில் நான்கு மூலையிலும் ஊக்கு வைத்துக் குத்தவேண்டும். தன் முதுகில் தானே குத்திக்கொள்வது மனித எலும்பமைப்புக்கு ஒவ்வாது. எனவே இரண்டாமவள் தேவைப்பட்டாள். அவளுக்குக் குத்த மூன்றாமவள். இப்படிக் கார் நிறுத்துமிடத்தில் ஒருவர் பின் ஒருவராக நிற்கும்போதே திட்டமும் வகுக்கப்படுகிறது. ஒருத்தி தொடக்கத்திலேயே பாய்ந்து எதிரணிகளைக் களைப்பாக்குவாள், ஒருத்தி தப்பி ஓடுபவர்களைத் துரத்திப் பிடிப்பாள், ஒருத்தி கடைசிக் கிலோமீட்டரில் தன் முதுகைத் தந்து நான்காமவளை முடிவுக்கோடுவரை இழுத்துச் செல்வாள், நான்காமவள் வெல்வாள். எழுத்தில் இதில் குறை காணமுடியாது. தொடக்கத்தில் முன்னே செல்லும் நடுவர் கார் விலகும் வரை இத்திட்டம் செல்லுபடியாகிறது.

பிறகு நடப்பதுதான் ஆய்வுக்குரியது. முன்னால் காற்றை வாங்குபவள் களைத்ததும் முழங்கையை வெடுக்கென்று அசைப்பாள். 'இனி நீ வா' என்று பொருள். பின்னிருப்பவளின் கண் அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் பாட்டிலில் ஆழ்ந்திருக்கும். முழங்கை மறுபடி அசையும். யாரும் வருவதில்லை. முன்னவள் கோபித்து மிதிப்பதை நிறுத்த, அவளுக்குப் பின்னால் எல்லாரும் நிறுத்த, ரேஸ் கோயில் தேரின் வேகத்துக்கு இறங்கிவிடும். யாருக்கும் முந்த மனமில்லாத இப்படியொரு போட்டி வேறெந்த விளையாட்டில் உண்டு என்று தேடிப் பார்க்கலாம்.

பக்கக் காற்று வீசினால் சிக்கல் முற்றும். அப்போது முதுகு தரும் காற்று நிழல் நேர் பின்னால் விழாது, சாய்வாக விழும். எனவே ஒருவர் தோளுக்குப் பின் இன்னொருவராகச் சாய்கோட்டில் விரிய வேண்டும். போக்குவரத்து நிறுத்தப்படாத சாலையில் நடுவிலுள்ள மஞ்சள் கோட்டைத் தாண்டினால் தகுதியிழப்பு. ஆக, பாதிச் சாலையில் எத்தனை பேர் சாய்வாக அடங்குவார்களோ அத்தனை பேருக்குத்தான் நிழல். மற்றவர்கள் ஓரத்துச் சரளையில் வரிசையாகத் தவம் செய்வார்கள். மேட்டில் இந்த வம்பே இல்லை. வேகம் குறைவதால் ஒளிவதில் பெரிய லாபமில்லை. அவரவர் எடையை அவரவரே தூக்க வேண்டியதுதான்.

அணி தர்மங்களில் தலையாயது ஒன்று: உன் அணிக்காரி தப்பி ஓடினால் அவளைத் துரத்தாதே. துரத்தினால் உன் முதுகில் ஒதுங்கியிருக்கும் எதிரணி முழுவதையும் கூலியில்லாமல் அவளிடம் கொண்டு சேர்த்துவிடுவாய். இது எல்லாருக்கும் தெரியும். இருந்தும் நான்காம் பிரிவில் அடிக்கடி மீறப்படுவது இதுதான். ஒருத்தி ஓடுகிறாள் என்பது காலுக்கு உடனே எட்டிவிடுகிறது. ஓடுகிறவள் யார் என்பது தலைக்கு எட்டச் சற்று நேரமாகிறது. அணிகளுக்கு ஒரே நிறச் சட்டை தைப்பதன் நோக்கம் இந்த நேரத்தைக் குறைப்பதே. போதிய பலனில்லை.

அஃதேல், அணித்தோழியின் முதுகின்றியும் வென்றார் உளரே எனின், உளர்; மறுப்பதற்கில்லை. 2021 ஜூலை 25 அன்று டோக்கியோ ஒலிம்பிக்கின் 137 கிலோமீட்டர் பெண்கள் சாலைப் போட்டிக்கு ஆஸ்திரியாவிலிருந்து வந்தவர் அன்னா கீசன்ஹோஃபர் ஒருவரே. கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். தொழில்முறை அணி எதிலும் அப்போது இல்லாதவர். தொடக்கத்திலேயே சிலரோடு பாய்ந்தார்; கடைசி 40 கிலோமீட்டர் அளவுக்குத் தனியாகவே ஓட்டினார். நெதர்லாந்து அணியிலோ ஃபான் ஃபிளியூட்டன், ஃபோஸ், ஃபான் டெர் பிரெகன், ஃபொலரிங் என நால்வர். ஒவ்வொருவரும் தங்கம் வெல்லத் தக்கவர். ஒலிம்பிக்கில் காதில் வானொலிக் கருவி கிடையாது. முன்னால் ஓடியவர்களில் கடைசியாகச் சிக்கியவர்களைப் பிடித்ததும், எல்லாரையும் பிடித்தாயிற்று என்று இருந்துவிட்டார்கள். கீசன்ஹோஃபர் கோட்டைத் தாண்டி 75 விநாடி கழித்து வந்த ஆனமீக் ஃபான் ஃபிளியூட்டன் தங்கம் வென்றதாக எண்ணிக் கைகளை உயர்த்தினார். கிடைத்தது வெள்ளி.

இதனால் அணி பயனற்றது எனலாமோ எனின், அற்றன்று. நாலு பேர் இருந்தால் எண்ணும் வேலையை நாலு பேரும் மற்ற மூவரிடம் விட்டுவிடுவார்கள் என்பதே இதில் பெறப்படுவது. தனியாக வந்த கணிதக்காரருக்கு அந்த வசதி இல்லை. நான்காம் பிரிவு அணிகள் தங்கள் தோல்விகளுக்கு இந்த ஒலிம்பிக் முன்னுதாரணத்தைத் தாராளமாகக் காட்டலாம்.

எஞ்சியிருப்பது பரிசு. முன் சக்கரத்தின் டயர் எப்போது கோட்டைத் தொடுகிறது என்பதை வைத்தே வெற்றி தீர்மானமாகிறது. முதுகு தந்தவள் பத்து இடம் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வருவாள். முடிவுப் பட்டியலில் அவள் தந்தது எதுவும் பதிவாகாது. வென்றவள் பரிசை அணியோடு பங்கிட்டுக்கொள்வது மரபு. பணமாக இருந்தால் நாலாய் வகுபடும். இந்தப் பிரிவிலோ பல நேரம் தருவது ஒரு ஜோடி சாக்ஸ். நாலு பேருக்கு இரண்டு சாக்ஸ். கீசன்ஹோஃபராலும் ஆகாத வகுத்தல். ஆகவே ரேஸ் நடத்துவோருக்கு இவ்வாய்வின் ஒரே பரிந்துரை: சாக்ஸை நிறுத்திவிட்டு வாழைப்பழம் கொடுங்கள், சீப்பாக.