மொதல்ல கழுவு அப்பு

என்னப்பு, சிங்கப்பூருக்குப் பொட்டி கட்டுறியாமே? ஒன் ஆத்தா வந்து சொல்லுச்சு. வேலை கப்பல் பட்டறையில, தங்குறது டார்மிட்டரியில, எல்லாம் சரி. அது என்னடா செவப்புப் பை? மேல வெள்ளைச் சிலுவை, சுத்திச் சுத்தி ஜிப்பு, தொட்ட எடமெல்லாம் அறை! முதலுதவிப் பையா? ஆன்லைன்ல வாங்குனியா? இந்தா, அதைத் தொற பாப்போம்.

அடேங்கப்பா. கத்திரிக்கோலே மூணு தினுசு. சாமணம் வேற. மினுமினுன்னு வெள்ளித்தாளு ஒண்ணு, அது என்னத்துக்கு? பனிமலை ஏறுறவன் குளிருக்குப் போத்திக்கிறதா? வருசம் பூராவும் வேர்த்து ஊத்துற ஊர்ல நீ போத்திக்கிட்டு ஒக்காரப் போறியாக்கும்? சரி இருக்கட்டும். நுரை கக்குற மருந்து ஒரு பாட்டிலு, ஸ்பிரிட்டு ஒரு பாட்டிலு, டெட்டாலு, பவுடரு. எல்லாம் இருக்கு. சோப்பு எங்கடா?

முழிக்கிற பாரு. சோப்புல என்ன பவுசு இருக்கு? போட்டோ எடுத்துப் போட்டா எவன் லைக்கு போடுவான்?

நானும் அந்த ஊர்ல தகரம் வெட்டிக் கஞ்சி குடிச்சவன்தான். தகரம் சும்மா கெடக்காது, கையைத் தேடி வரும். கீறுன ஒடனே நம்மாளுக என்ன செய்வாய்ங்க தெரியுமா? ஒருத்தன் வெரலை வாயில வச்சு உறிஞ்சுவான். வாயிலதான் கிருமி மண்டிக் கெடக்குன்னு அவனுக்கு யாரு சொல்றது? ஒருத்தன் காப்பித்தூளுக்கு ஓடுவான். இன்னொருத்தன் கோடாலித் தைலத்தைத் தூக்கிக்கிட்டு ஓடியாருவான். தலைவலிக்குத் தேய்க்கிற சரக்குடா அது! அதை வெட்டுக்காயத்துல தடவுனா என்னாகும்? அடிபட்டவன் குதிச்ச குதியைப் பாத்து, மருந்து வேலை செய்யுதுடான்னு சுத்தி நின்னவய்ங்க சந்தோசப்பட்டாய்ங்க.

கசந்தாத்தான் கசாயம், எரிஞ்சாத்தான் மருந்து. இப்படி ஒரு நெனப்பு நம்மளுக்கு. ஸ்பிரிட்ட நேரா காயத்துல ஊத்துனா எரியுதா? நுரை மருந்து பொங்குதா? சாகுறது கிருமி மட்டும்னு நெனச்சியா? புதுசா மொளைக்கிற ஒன் தோலும் சேந்துதான் வேகுது. அதான் படிச்ச டாக்டருக இப்ப இதையெல்லாம் காயத்துக்குள்ள ஊத்தாதங்கிறாய்ங்க. டெட்டால அப்படியே ஊத்துறவன் அந்த டப்பாவுல எழுதியிருக்கிறத ஒரு நாளும் படிச்சதில்ல. தண்ணி கலக்கச் சொல்லித்தான் போட்டிருக்கு.

அப்ப என்ன செய்ய? மொதல்ல ஒன் கையைக் கழுவு. காயத்தை இல்ல, காயத்தைத் தொடப்போற கையை. இதைச் சொன்னதுக்கு ஒரு பெரிய மனுசனைப் படுத்துன பாடு தெரியுமா? வியன்னாவுல செம்மல்வைஸ்னு ஒரு டாக்டரு. பொணத்தை அறுத்த கையோட வந்து பிரசவம் பாத்துக்கிட்டிருந்த டாக்டருகளை, 1847-ல, குளோரின் சுண்ணாம்புத் தண்ணியில கையைக் கழுவிட்டு உள்ள போங்கடான்னாரு. பிள்ளை பெத்தவளுக சாவு மளமளன்னு கொறைஞ்சுச்சு. அம்புட்டுப் பேரும் கும்பிட்டிருக்கணும்ல? எங்க கையா அழுக்குன்னு மொறைச்சுக்கிட்டாய்ங்க. கடைசியில 1865-ல அந்த மனுசன் காயத்துல சீழ் பிடிச்சே செத்தாரு. கோட்டு போட்டவனுக்குக் கொழாயடிக்குப் போறது கௌரவக் கொறைச்சலா இருந்திருக்கு.

ஒனக்கு அந்தக் கௌரவமெல்லாம் வேண்டாம். ரத்தம் வழியுதா, சுத்தமான துணியை மடிச்சு வச்சு அமுக்கு. பத்து நிமிசம். நின்னுச்சா நின்னுச்சான்னு நிமிசத்துக்கு ஒருக்கா தொறந்து பாக்காத. நீ தொறக்கத் தொறக்க ஒறையப் பாத்த ரத்தம் திரும்ப ஓடும். அந்தப் பத்து நிமிசமும் செல்போனைக் கீழ வையி. செத்தா போயிருவ?

நின்ன பின்னால கொழாய்க்கடியில கையை நீட்டு. அந்த ஊருக் கொழாத் தண்ணி அப்படியே குடிக்கலாம், அம்புட்டுச் சுத்தம். அஞ்சு நிமிசமாச்சும் ஓடட்டும். சுத்தியிருக்கிற தோலுக்குச் சோப்பு போடு, காயத்துக்குள்ள திணிக்காத. தோலோட மடிப்பைப் பைய வெலக்கிப் பாரு. தகரப்பொடி, மண்ணு, கிரீஸு, அம்புட்டும் வெளிய வரணும். ஒட்டிக்கிட்டு நிக்கிறதைக் கொதிதண்ணியில போட்டெடுத்த சாமணத்தால எடு. ஆழத்துல மாட்டியிருந்தா நோண்டாத, கிளினிக்குல எடுக்கட்டும். இதுக்குன்னு ஆஸ்பத்திரி உப்புத் தண்ணிப் பாட்டிலு வாங்கணுமான்னு கேக்காத. நல்ல கொழாத் தண்ணியில கழுவுன காயத்துக்கும் அந்த உப்புத் தண்ணியில கழுவுன காயத்துக்கும் சீழ் பிடிக்கிறதுல பெரிய வித்தியாசமில்லன்னு சோதிச்சுப் பாத்தே சொல்லிட்டாய்ங்க. ஓசியில கெடைக்கிறதை எவன் மதிக்கிறான்? லீவுக்கு வேற நாட்டுக்குப் போயி, தண்ணி சந்தேகமா இருந்தா, கொதிக்கவச்சு ஆறுன தண்ணி. இல்லேன்னா மூடி ஒடைக்காத பாட்டில் தண்ணி.

அடுத்து மூடணும். ஒன் அப்பத்தா என்ன சொல்லும்? காத்தாட விடுடா, காஞ்சாத்தான் ஆறும்னு சொல்லும். நானும் ரொம்ப நாளா அதைத்தான் கேட்டு வளந்தேன். 1962-ல இங்கிலாந்துல ஜார்ஜ் வின்டர்னு ஒருத்தரு பன்னித் தோலுல சின்னச் சின்னக் காயமாப் போட்டு, பாதியைத் தொறந்து விட்டாரு, பாதியைப் பாலிதீன் தாளால மூடுனாரு. மூடுனதுல புதுத்தோல் ரெண்டு மடங்கு வேகமா ஏறிருச்சு. ஈரம் காயாம இருந்தாத்தான் தோலு நகரும். பக்கு கட்டி வறண்டா அது அந்தப் பக்குக்கு அடியில தவழ்ந்துல்ல போகணும்? ஆக, லேசா வாசலின் தடவு, பிளாஸ்திரி ஒட்டு, தெனம் மாத்து. நனைஞ்சா அப்பவே மாத்து. பவுடரைக் கொட்டி அடை தட்டாத. பிளாஸ்திரியும் பெரிய விஞ்ஞானக் கூடத்துல பொறந்ததில்ல. அமெரிக்காவுல ஏர்ல் டிக்சன்னு ஒருத்தரு, சமையக்கட்டுல அடிக்கடி கையை வெட்டிக்கிட்ட பொண்டாட்டிக்காக 1920-ல ஒட்டுத்துணியில பஞ்சுத்துணியை வச்சுப் பாத்தாரு. பொண்டாட்டிக்காக மெனக்கெட்டவன் ஒலகத்துக்கே ஒபகாரம் பண்ணிட்டான். நீ எவளுக்காச்சும் மெனக்கெட்டிருக்கியா?

ஒட்டியாச்சுன்னு தூங்கிராத. பேனா வச்சிருக்கியா? காயத்தைச் சுத்திச் செவந்திருந்தா, அந்தச் செவப்போட ஓரத்துல பேனாவால கோடு போடு. பக்கத்துல மணியை எழுது. காலையில எந்திரிச்சுப் பாரு. செவப்பு கோட்டுக்கு உள்ளயே நிக்குதா, சரி. கோட்டைத் தாண்டிருச்சா? சூடா இருக்கா? வீங்கி, தெறிக்குதா? சீழு, வாடை வருதா? கையில பட்ட காயத்துக்கு அக்குள்ல நெறி கட்டுதா? காச்சல், குளிருன்னா சொல்லவே வேணாம். இதுல எது இருந்தாலும், காயத்துலேருந்து செவப்பா ஒரு வரி மேல ஏறுனாலும், அன்னைக்கே டாக்டரு, மறுநாள் இல்ல. ஒரு ரூவா பேனா செய்யுற வேலைடா இது. ஒன் பையில இருக்கிற எந்தச் சாமானுக்கும் இந்தத் தெறமை கெடையாது.

தையல் போடுற காயம் எதுன்னு தெரியணுமா? வாய் பொளந்து நிக்கும், ஓரம் சேராது. அமுக்குனாலும் ரத்தம் நிக்காது. வெரலு மடங்காது, இல்ல மரத்துப் போகும். இதுல எது இருந்தாலும் கெளம்பு.

இப்ப வீராதி வீரன் கதைக்கு வாரேன். எங்க பட்டறையில ஒருத்தன். சேஃப்டி பூட்ஸு கனக்குதுன்னு கான்வாஸ் சூவைப் போட்டுக்கிட்டு வந்தான். ஆணி அடியிலேருந்து ஏறிருச்சு. துளி ரத்தம் வரல. ஒண்ணுமில்லடான்னு சிரிச்சான். அட கூமுட்டை, ரத்தம் வராத குத்துதான்டா மோசம்! வாய் மூடிக்கிச்சு, உள்ள போன அழுக்கு வெளிய வர வழியில்ல. சூவோட ரப்பரு, சாக்ஸு நூலு, வேர்வை ஈரத்துல குடியிருக்கிற கிருமி, எல்லாத்தையும் ஆணி உள்ள கொண்டுபோய் வச்சிருச்சு. அது எலும்பு வரைக்கும் போகும். இவன் சூப்பர்வைசருகிட்ட சொல்லல. சொன்னா பர்மிட்ட வெட்டி ஊருக்கு அனுப்பிருவாய்ங்கன்னு பயம். ஏஜென்டுக்குக் குடுத்த கடன் தலைக்கு மேல. நொண்டிக்கிட்டே வேலை பாத்தான். காலு பூசணியா வீங்கின பெறகு தூக்கிட்டுப் போனாய்ங்க. கத்தி வச்சு அறுத்து, படுக்கையில கெடந்து... அந்தக் கடனோட இந்தக் கடனும் சேந்துச்சு.

அந்தப் பயத்தை நான் கிண்டல் பண்ணமாட்டேன் அப்பு. கடன்காரன் பயம் வேற. ஆனா ஒனக்கு உள்ள சட்டத்தைத் தெரிஞ்சுக்க. வேலையில அடிபட்டா வைத்தியச் செலவு முதலாளி தலையில. அதுக்குன்னே வேலைக்காய இழப்பீட்டுச் சட்டம் இருக்கு. டாக்டர் எழுதிக் குடுக்கிற மருத்துவ லீவுக்கு, அதான் எம்சிக்கு, சம்பளம் உண்டு. 2020 செப்டம்பர்லேருந்து, வேலையில அடிபட்டு ஒரு நாள் எம்சி குடுத்தாலும், லைட் டூட்டி எழுதுனாலும், கம்பெனி மனிதவள அமைச்சுக்குச் சொல்லியாகணும். ஆஸ்பத்திரியில படுத்தா 60,000 சிங்கப்பூர் வெள்ளிக்குக் கொறையாத இன்சூரன்ஸ ஒம்பேர்ல போட்டிருக்கணும், 2023 ஜூலையிலேருந்து அதுதான் கணக்கு. ஆக, கீறுன அன்னைக்கே சூப்பர்வைசருகிட்டச் சொல்லு, எழுதி வைக்கச் சொல்லு. கீறலுக்கு அழுகுற பயன்னு சிரிப்பாய்ங்களா? சிரிக்கட்டும். பல்லு அவய்ங்களோடது, காலு ஒன்னோடது.

பையோட அடியில என்னடா ஒளிச்சு வச்சிருக்க? ஆன்டிபயாடிக் அட்டையா? நம்மூரு மருந்துக்கடையில, அண்ணே புண்ணுக்கு ரெண்டு மாத்திரை குடுங்கன்னு வாங்குன பழக்கம்! அங்க டாக்டர் சீட்டு இல்லாம குடுக்கமாட்டாய்ங்க. கழுவி மூடுன சின்னக் கீறலுக்கு அது தேவையும் இல்ல. ரெண்டு நாளு முழுங்கிட்டு, ஆறிருச்சுன்னு மிச்சத்தை ரூம்மேட்டுக்குத் தானம் பண்ணுவ. பென்சிலினைக் கண்டுபிடிச்ச பிளெமிங் 1945-ல நோபல் பரிசு வாங்கும்போதே இதைத்தான் எச்சரிச்சாரு. அரைகொறையா முழுங்குனா கிருமி மருந்துக்குப் பழகிரும்னு. எடு வெளிய. கோடீன் இருக்கிற இருமல் மருந்தும் அனுமதியில்லாம கொண்டுபோகக் கூடாது. அப்படியே ஆத்தா மசாலாப் பொட்டலத்தையும் பிரி, கசகசா இருந்தா எடுத்துரு. கசகசாவை அந்த ஊர்ல போதைச் சரக்குக் கணக்குல பாக்குறாய்ங்க. குருமா வைக்கப் போயி ஜெயிலுக்குப் போகாத.

மண்ணுல எறங்கி வேலை பாக்குறதா இருந்தா இன்னொண்ணு. மெலியாய்டோசிஸ்னு ஒரு சீக்கு. சேத்துத் தண்ணியில, மண்ணுல இருக்கிற கிருமி, கீறல் வழியா உள்ள போகும், பெருமழை பேஞ்ச பின்னால சாஸ்தி. சர்க்கரை உள்ளவனைக் கண்டா அதுக்குக் கொண்டாட்டம். நம்ம செட்டியாருக வட்டிக்கடை வச்சிருந்த ரங்கூன் இருக்குல்ல, அங்கதான் விட்மோருங்கிற வெள்ளைக்கார டாக்டரும் கிருஷ்ணசாமிங்கிற டாக்டரும் 1912-ல மொதமொதல்ல இதை எழுதி வச்சாய்ங்க. காயம் இருந்தா மூடு, பூட்ஸைப் போடு, வெறுங்காலோட குட்டையில எறங்காத. மீன் முள்ளு குத்துனாலும், காயத்துல கடல் தண்ணி பட்டு வலி திடீர்னு ஏறுனாலும் விடியட்டும்னு படுத்துக் கெடக்காத.

சுட்டுக்கிட்டா? கொழாத் தண்ணியில இருபது நிமிசம் காட்டு. ஐஸ் வேணாம். பேஸ்டு பல்லுக்கு, இட்லி மாவு இட்லிக்கு.

சிங்கப்பூர்ல 1953-லேருந்து வெறிநாய்க்கடி கெடையாது. ஆனா நீ அங்கயா இருக்கப் போற? சம்பளம் கைக்கு வந்ததும் பாலிக்குப் பறப்ப. கொரங்கைத் தோள்ல ஏத்தி செல்ஃபி எடுப்ப. பாலியில 2008-லேருந்து அந்தச் சீக்கு இருக்குடா. கடிச்சாலோ பிராண்டுனாலோ மொளகாப்பொடி, சுண்ணாம்புன்னு தேடாத. கடிச்ச எடத்தைச் சோப்பு போட்டுக் கொழாத் தண்ணியில பதினஞ்சு நிமிசம் கழுவு. அன்னைக்கே ஊசியை ஆரம்பி. சீக்கு வெளிய தெரிஞ்ச பின்னால காப்பாத்த மருந்து கெடையாது. போட்டோவைப் பெறகு போட்டுக்கலாம், கொரங்கு கோவிச்சுக்காது.

அது கெடக்கட்டும், டெட்டனஸ் ஊசி போட்டியா? பள்ளிக்கூடத்துலயா? அது பதினாறு வயசுல. இப்ப ஒனக்கு இருபத்தேழு. பத்து வருசத்துக்கு ஒருக்கா போடணும். அழுக்குக் காயமா இருந்து, கடைசி ஊசி அஞ்சு வருசத்துக்கு முந்தினதா இருந்தாலே டாக்டரு இன்னொண்ணு குத்துவாரு. துருப்பிடிச்ச ஆணியிலதான் டெட்டனஸ் இருக்குன்னு நீயும் சொல்லாத. அது மண்ணுல, சாணியில கெடக்கு. ஆணி அதுக்கு வண்டி, அம்புட்டுத்தான். புத்தம்புது ஆணியும் மண்ணுல கெடந்தா வண்டிதான். தாடை பூட்டிக்கிட்டா ஒன் வெள்ளித்தாளு வந்து தொறக்குமா?

நாளைக்குப் புதன்கெழமை, ஆரம்ப சுகாதார நெலையத்துல தடுப்பூசி நாளு. வெள்ளன எந்திரிச்சு வண்டியை எடுத்துக்கிட்டுப் போயி நர்சம்மாவைக் கேளு. என்ன, ஊசின்னா பயமா? முழங்கையிலேருந்து மணிக்கட்டு வரைக்கும் சிங்கத்தைப் பச்சை குத்திக்கிட்டு வந்தியே, அப்ப எங்கடா போச்சு இந்தப் பயம்?